மேட்டுக்காட்டுக்குத் தேக்கங்கன்று: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். ஐப்பசி மழையை நம்பி, மேட்டுக்காட்டில் இரண்டு ஏக்கரில் தேக்கும் செம்மரமும் வைக்கலாம் என்றிருக்கிறேன். நாற்றங்காலில் இரண்டு விதத் தேக்கங்கன்றுகள் இருக்கின்றன. ஒன்று நிழல்வலைக்குள் மூன்றடி உயரத்தில் தளதளவென்று நிற்கிறது. மற்றது திறந்த வெயிலில் வளர்ந்தது, ஓரடிதான் இருக்கும், ஆனால் தண்டு விரல் பருமன் இருக்கிறது. விலை ஒன்றுதான். வனவியல் படித்தவள் நீ, எதை எடுப்பது என்று சொல்லம்மா.

அத்தை: உயரமானதையே எடுங்கள், அண்ணா. களை மூடாது, ஆடும் எளிதில் எட்டாது.

அக்கா: அத்தை சொல்வது தண்ணீர் பாயும் நிலத்துக்குப் பொருந்தும். மானாவாரிக்கு அந்தக் குட்டைக் கன்றுதான் நல்லது, பெரியப்பா. மண் காய்ந்ததும் கன்று முதலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு ஈரத்தைக் காக்கிறது. ஆனால் துளை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது, ஆகவே உணவு தயாரிப்பு நின்றுபோய், தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொண்டுதான் அது அடுத்த மழை வரை உயிர் பிழைக்க வேண்டும். மலேசியாவின் சபா மாநிலத்தில் பத்து வகை மழைக்காட்டு மரங்களின் கன்றுகளை வைத்து நடத்தி, 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் கன்றுகளின் கையிருப்பை மாற்றிவிட்டு, பிறகு தண்ணீரை நிறுத்தினார்கள். கையிருப்பு மிகுந்த கன்றுகளே வறட்சியில் நெடுநாள் தாங்கின. நிழல்வலைக்குள் வளர்ந்த கன்று பார்வைக்குச் செழிப்பாக இருக்கும், ஆனால் அதனிடம் சேமிப்பு குறைவு, இலைப்பரப்போ அதிகம்.

அப்பா: அப்படியானால் நட்டவுடன் கொஞ்சம் யூரியா கொடுத்துத் தேற்றிவிட முடியாதா?

அக்கா: வேண்டாம், அப்பா. தழைச்சத்து மிகுந்தால் இலை பெருகும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்காது. பங்குனி, சித்திரையில் அத்தனை இலைக்கும் நீர் இறைக்க அந்தச் சிறிய வேரால் முடியாமல், தண்டுக்குள் நீர் ஏறும் நுண்குழாய்களில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். அந்த நிலைக்குப் போன கன்றுக்குக் குடம் குடமாக ஊற்றினாலும் மீள்வது அரிது. தொழுவுரம் போதும்.

அத்தை: தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால் கரைகளில் தேக்கு எவ்வளவு ஓங்கி நிற்கிறது! அதே மரம்தானே?

அக்கா: மரம் அதேதான், அத்தை. அங்கே கரைக்கு அடியில் ஈரம் நிற்கிறது. தேக்கு இயல்பாகச் செழிப்பது 1200 மி.மீ.க்கு மேல் மழை பெய்து, மூன்று முதல் ஐந்து மாதம் காயும் காடுகளில். கோடையில் இலை உதிர்க்கத் தெரிந்த மரம் என்றாலும், நம் மேட்டுக்காட்டில் முதல் இரண்டு கோடைகளுக்கு உயிர்த்தண்ணீர் கட்டாயம் வேண்டும். செம்மரம் அப்படியல்ல, சேஷாசலம், கடப்பைப் பக்கத்துக் கல்லாங்குன்றுகளில் பிறந்த இனம், மெதுவாக வளர்ந்தாலும் வறட்சியைப் பொறுக்கும். எந்த மரம் எங்கே வாழும் என்பதைக் கன்றுப் பருவத்து வறட்சியே பெரிதும் முடிவு செய்கிறது என்று பனாமாவில் 48 இனங்களை ஆராய்ந்து 2007-இல் எழுதியிருக்கிறார்கள். பாறை தெரியும் மேற்குப் பகுதியில் செம்மரத்தையும், கிணற்றை ஒட்டிய பகுதியில் மட்டும் தேக்கையும் வையுங்கள் என்பது என் கருத்து.

பெரியப்பா: சரியம்மா. சென்ற ஆண்டு வைத்த வேங்கைக் கன்றுகள் மேலே பட்டுப்போய்க் குச்சியாக நிற்கின்றன. அவற்றைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழிகளிலேயே செம்மரம் வைத்துவிடலாமா?

அக்கா: தயவுசெய்து பிடுங்காதீர்கள், பெரியப்பா. தண்டின் அடியில், மண்ணை ஒட்டினாற்போல், பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் வேர் உயிரோடு இருக்கிறது, மழை விழுந்ததும் அடியிலிருந்து துளிர்க்கும். வேங்கைக் கன்று தொடக்க ஆண்டுகளில் கோடைதோறும் மேல்தண்டு காய்ந்து, மழையில் மறுபடி தழைத்து, இதற்கிடையே ஆணிவேரைப் பருக்கச் செய்துகொண்டே இருக்கும். சுரண்டிய இடம் பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

அப்பா: அண்ணா, நாற்றங்காலில் கேட்டு, வாங்கப் போகும் கன்றுகளுக்கு இப்போதிருந்தே தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குறைக்கச் சொல்லலாமே?

அக்கா: மிகவும் சரி. நடுவதற்கு முந்தைய ஒரு மாதம் அப்படிப் பழக்கினால் நல்லது. திடீரென்று நிறுத்தக் கூடாது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும், பெரியப்பா. ஒரு பையைக் கிழித்து அடிமண்ணை உதிர்த்துப் பாருங்கள். ஆணிவேர் நேராக இறங்கியிருக்க வேண்டும். பையின் அடியில் வட்டமாகச் சுருண்டிருந்தால் அந்தக் கன்று ஆழத்து ஈரத்தைத் தேடிப் போகாது, தண்டு எவ்வளவு பருமனாக இருந்தாலும் வேண்டாம். நட்ட பிறகு தூரைச் சுற்றிச் சருகு மூடாக்குப் போடுங்கள். சருகு தண்டைத் தொடாமல் நான்கு விரற்கடை விலகியிருந்தால் கறையான் தொல்லையும் குறையும்.

பெரியப்பா: நாளைக் காலையில் போய் ஒரு பையைக் கிழித்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கிறேன். வேரின் படத்தை இங்கேயே அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லம்மா.