மேய்க்கால் புறம்போக்கில் வாலிபால் மைதானம்: நிதி வாங்கியவர்கள் உண்டா?

தென்காசி மாவட்டத்தில் எங்கள் ஊர் வாலிபால் மைதானத்துக்குத் தளம், கம்பிவேலி, மின்விளக்கு போட 9 லட்சம் ரூபாய் மதிப்பீடு. இப்போது வலையின் ஒரு முனை வேப்பமரத்தில், மறுமுனை மின்கம்பத்தில். அரசும் மக்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் தரவேண்டிய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3 லட்சம், வசூலாகி வங்கியில் இருக்கிறது. பாதிக்குமேல் குவைத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அனுப்பியது.

சிக்கல் நிலத்தில்தான். வருவாய்த்துறையின் கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அது மேய்க்கால் புறம்போக்கு, அதாவது கால்நடை மேய்ச்சலுக்கு ஒதுக்கிய அரசு நிலம். அங்கே மாடு மேய்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை. சீமைக்கருவேலத்தை வெட்டித் திருத்தியதும் எங்கள் பையன்கள்தான்.

கிராம சபைத் தீர்மானத்தையும் நிலத்தின் புலப்படத்தையும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்தோம். வருவாய்த்துறையின் தடையின்மைச் சான்று கேட்டார்கள். தாலுகா அலுவலகத்திலோ நில வகைமாற்றம் ஆகாமல் தரமுடியாது என்கிறார்கள். ஜனவரியில் கொடுத்த வகைமாற்ற மனு அங்கேயே உறங்குகிறது. சட்டமன்றத் தொகுதி நிதியைக் கேட்டுப் பார்த்தோம். அங்கேயும் முதல் கேள்வி நிலம்தான். ஊருக்குள் வேறு பொது இடம் கிடையாது.

மேய்க்கால் நிலத்தில் மைதானம் அமைத்த ஊர்க்காரர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: வகைமாற்ற ஆணையை எந்த அதிகாரியிடம், என்னென்ன ஆவணங்கள் கொடுத்து வாங்கினீர்கள்?