ஒரே இழையும் பதினோராம் நாளும்

*குடும்ப வாட்ஸ்அப் குழு, மார்கழி 11, காலை*

செல்வி சித்தி: பவி, மணி ஏழாகிறது, இன்னும் கோலப் படம் வரவில்லையே?

பவித்ரா: வாசல் வெறுமையாகக் கிடக்கிறது சித்தி. ஒன்றாம் தேதி எனக்கு நானே மூன்று ரூல் போட்டுக்கொண்டேன். சிக்குக் கோலம் மட்டும், கலர் கூடாது, கையை எடுக்காமல் ஒரே இழையில் முடிக்கணும். இன்றைக்கு 5க்கு 5 நேர்ப்புள்ளி வைத்தால், இழை ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறது, பல புள்ளிகள் பக்கம் போகவே இல்லை. மூன்று தடவை அழித்துப் பார்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டேன்.

கணேசன் பெரியப்பா: நூறு தடவை அழித்தாலும் அப்படித்தான்மா வரும். சாதாரணப் பின்னலாகப் போனால் இந்தப் பக்கப் புள்ளி, அந்தப் பக்கப் புள்ளி, இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண், அதாவது மீ.பொ.வ., எதுவோ அத்தனை இழை. 4க்கு 6 என்றால் இரண்டு. 4க்கு 5 என்றால் ஒன்று. 5க்கு 5 என்றால் ஐந்து!

பவித்ரா: அட! பத்து நாளாக 3க்கு 4, 4க்கு 5 என்றே வைத்திருக்கிறேன், அதனால்தான் வந்ததா 😭

அகிலா: பாட்டி சொல்வதை அப்படியே தட்டுகிறேன். "சதுரத்திலும் வரும்டி. இரண்டு இழை வெட்டிக்கொள்கிற இடத்தில் வெட்டவிடாமல் ஆளுக்கொரு பக்கம் திருப்பிவிடு, இரண்டும் ஒன்றாகிவிடும். அப்புறம், அது என்ன கையை எடுக்காமல்? மாவு தீர்ந்தால் என்ன செய்வாய்? இழை ஒன்றாக இருந்தால் போதும், கை இல்லை."

கணேசன் பெரியப்பா: அம்மா சொன்னது சரி. ஐந்து இழைக்கு நாலு திருப்பம்.

செல்வி சித்தி: எல்லாம் சரி, எதற்கு இந்த ரூல்? போன வருஷம் நிலா கலர் பொடியோடு உன் கூடவே உட்கார்ந்திருந்தாள். இந்த வருஷம் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள், எனக்கே பாவமாக இருக்கிறது.

பவித்ரா: அது தப்புதான், யோசிக்கவில்லை. ஆனால் போன வருஷம் முழுக்க போனைப் பார்த்துப் போட்ட மயிலும் பானையும்தான் சித்தி. கலரை மூடி வைத்த பிறகுதான் இழை எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே பார்க்க ஆரம்பித்தேன். ஏழாம் நாள் போட்டது எந்த நோட்டிலும் கிடையாது, நானாகப் போட்டது.

ரவி மாமா: என் வெண்பா கதையும் இதேதான். பிறந்தநாளுக்கு எழுதும்போது தளை, அதாவது சீரும் சீரும் சேர்கிற விதி, தட்டுகிறதே என்று "மனைவி" இருந்த இடத்தில் "மாதரசி" போட்டேன். யாரைக் கிண்டல் செய்கிறீர்கள் என்று உங்கள் அத்தை இரண்டு நாள் பேசவில்லை.

செல்வி சித்தி: அந்த வெண்பா எங்களுக்கும் புரியவில்லை அண்ணா 🙏

*மார்கழி 12*

பவித்ரா: (படம்) 5க்கு 5. நாலு இடத்தில் திருப்பினேன், மூன்று இழை வந்திருக்கிறது!!

கணேசன் பெரியப்பா: ஏற்கெனவே சேர்ந்த இழையிலேயே ஒரு இடத்தில் திருப்பியிருப்பாய், அது மறுபடி பிரிந்துவிட்டது. இரண்டாவது வரிசை ஓரத்தைப் பார்.

பவித்ரா: பார்க்க முடியாது பெரியப்பா. மூன்று இழைக்கும் மூன்று கலர் என்று நிலா பொடியைப் போட்டுவிட்டாள்.