18 வயதில் வளர்ப்பு வீட்டை விட்டுப் போகும் பெண் பிள்ளைகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாட்ஸ்வொர்த் அம்மா:
வணக்கம், தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து எழுதுகிறேன். கோர்ட் ஆர்டரோடு ஒன்பது வயதில் எங்கள் வீட்டுக்கு வந்த பெண் இந்த வருஷம் மெட்ரிக் (பள்ளிக்கூடக் கடைசி வருஷப் பரீட்சை) எழுதுகிறாள். ஜூலையில் 18 முடிந்தது. மறுநாளே பக்கத்துத் தெரு அங்கிள் ஒருவர், "இனிமேல் கவர்மென்ட் பணம் வராதே, என்ன செய்யப்போறீங்க?" என்று அவள் காதில் விழும்படியே கேட்டார். அன்று ராத்திரி பார்த்தால், துணியெல்லாம் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள். போகச் சொன்னது யாருமில்லை. "நீங்க போகச் சொல்றதுக்கு முன்னாடி நானே போயிட்டா உங்களுக்குக் கஷ்டம் இல்ல மா" என்றாள்.

ஃபாஸ்டர் கிராண்ட், அதாவது வளர்ப்புப் பிள்ளைக்குக் கவர்மென்ட் தரும் பணம், 2025 ஏப்ரலில் மாதம் 1,250 ராண்ட் ஆனது. பள்ளிக்கூட டாக்ஸிக்கும் ஷூவுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து அது எத்தனை நாள் வரும் என்று பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பணத்துக்காகத்தான் அவளை வைத்திருக்கிறோம் என்று அவளே நினைத்துவிட்டாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பையிலிருந்த துணியை எடுத்து அலமாரியில் வைக்க வைத்தேன். ஆனால் சட்டப்படி அவள் எங்களோடு இருக்கலாமா, படிப்புக்கு வழி என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற சோஷியல் வொர்க்கர், பீனிக்ஸ்:
தாராளமாக இருக்கலாம், தங்கச்சி. 2005-ஆம் வருஷத்துக் குழந்தைகள் சட்டத்தில் 176-ஆவது பிரிவைப் பாருங்கள். 18 முடிந்த அன்றே யாரும் வெளியே போக வேண்டியதில்லை, அந்த வருஷக் கடைசி வரை இருக்க அவளுக்கு உரிமை உண்டு. படிப்போ பயிற்சியோ முடிக்க வேண்டியிருந்து, வைத்துக்கொள்ள நீங்களும் சம்மதித்தால், 21 வயதாகும் வருஷத்தின் முடிவு வரை நீட்டிக்கலாம். மாகாண சமூக வளர்ச்சித் துறைக்கு விண்ணப்பம் போக வேண்டும். நீட்டித்தால்தான் கிராண்டும் தொடரும்.

பலர் மாட்டிக்கொள்வது தேதியில்தான். மெட்ரிக் ரிசல்ட் ஜனவரியில் வருகிறது, ஆர்டரோ டிசம்பரோடு முடிகிறது. ரிசல்ட் வரட்டும், காலேஜ் இடம் கிடைக்கட்டும் என்று காத்திருக்கவே கூடாது. பள்ளிக்கூடத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு இப்போதே உங்கள் சோஷியல் வொர்க்கரிடம் போங்கள். அவர் கையில் ஏகப்பட்ட கேஸ் இருக்கும், நீங்கள் கேட்காமல் அந்த ஃபைல் நகராது. ஐடி கார்டு எடுத்துவிட்டாளா? 16 வயதிலிருந்தே எடுக்கலாம், முதல் கார்டுக்குக் காசு கிடையாது. பிறப்புச் சான்றிதழில் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்குத்தான் இது இழுக்கும், அதனால் முதலில் இதை முடியுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் வேலைக் காலத்தில் வெளியே போன பையன்கள் நண்பர்களோடு எங்கேயாவது ஒண்டிக்கொள்வார்கள். பெண்ணுக்கு அப்படி இல்லை. ஒரு ரூம் வைத்திருக்கிற, வயதில் மூத்த ஆள் யாராவது வந்துவிடுவான். "காதல்" என்று ஊர் சொல்லும். ஒரு பெண் என்னிடம் நேராகவே சொன்னாள்: "மிஸ், அவன் அடிப்பான்னு தெரியும். வேற கதவு எதுவும் தொறக்கல." அவள் கெட்டிக்காரப் பெண், கணக்கில் நல்ல மார்க். அவளைப் பற்றி ஊர் பேசிய பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

மாரிட்ஸ்பர்க் மாணவி:
ஆன்ட்டி, நான் ஹோமில் வளர்ந்தவள். இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறேன். ஃபீஸுக்கு என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற கவர்மென்ட் படிப்பு உதவித் திட்டம் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு படிவம் உண்டு, சோஷியல் வொர்க்கர் கையெழுத்துப் போடுவார். கேட்டு வாங்குங்கள்.

எனக்கு ஃபீஸை விட டிசம்பர்தான் பயம். ரெசிடென்ஸை மூடிவிடுவார்கள். எல்லாரும் பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போவார்கள். முதல் வருஷம் தீபாவளிக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட வீடுகள் நிறைய, புடவையும் பலகாரமும் கொடுத்தார்கள். டிசம்பரில் "எங்கே போகிறாய்?" என்று கேட்டது கோயிலில் பூ கட்டும் ஒரு ஆயா மட்டும்தான். அவர் வீட்டில் ஒரே ரூம். ஜனவரி வரை அதிலேதான் நானும் இருந்தேன். இந்த வருஷம் நான் சொல்வதற்கு முன்பே, "எப்ப வர்ற?" என்று போன் பண்ணிவிட்டார். உங்கள் பெண்ணுக்கு எங்கே இடம் கிடைத்தாலும் அவள் கட்டிலை மட்டும் எடுத்துவிடாதீர்கள் ஆன்ட்டி.

டொங்காட் கடைக்காரர்:
என் கடையில் இப்படி ஒரு பெண் வேலை பார்த்தாள். வாடகைக்கு ரூம் கேட்டுப் போனால் சம்பளச் சீட்டு, முன்பணம், பொறுப்பேற்க ஒரு பெரியவர் என்று மூன்றும் கேட்டார்கள். முதல் இரண்டுக்கு அவளே வழி பண்ணிவிட்டாள். மூன்றாவதுக்கு ஆள் இல்லை, நான் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் முதலில் பயந்தார்கள். அவள் ஒரு மாத வாடகைகூடத் தவறவிட்டதில்லை.

சாட்ஸ்வொர்த் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. பள்ளிக்கூடக் கடிதத்துக்குச் சொல்லிவிட்டேன், வாங்கியதும் சோஷியல் வொர்க்கரைப் பார்க்கப் போகிறோம். 176-ஆவது பிரிவை அவளே படித்துப் பார்த்தாள், விண்ணப்பத்தைத் தானே எழுதுகிறாளாம். மாரிட்ஸ்பர்க் பிள்ளைக்கு: ஆயா வீட்டில் நெருக்கடியாக இருந்தால் டிசம்பரில் எங்கள் பின்கட்டு ரூம் காலிதான். ஆயாவையும் கூட்டிக்கொண்டு வா. எனக்குத் தனியாக மெசேஜ் போடு, அட்ரஸ் தருகிறேன்.