"நிறுவன எதிர்ப்புரை" வேண்டாம், "குழிபறிப்புரை" என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

பதவியில் இருந்துகொண்டே, தன்னை அங்கே உட்கார வைத்த அமைப்புகள்மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையைப் பேசிப் பேசிக் கெடுப்பது. இதற்குத்தானே தமிழில் சொல் தேடுகிறோம்? குழுவில் இதுவரை வந்த பரிந்துரைகளில் "நம்பிக்கைச் சிதைவு" ஒத்துவராது. சிதைவு தானாக நடப்பது, இங்கே செய்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். "உள்ளரிப்பு" அழகான சொல்தான். ஆனால் எங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் அரிப்பு என்றாலே கடலரிப்பு, கடலுக்கு உள்நோக்கம் கிடையாது.

பிரேசிலைப் பாருங்கள். அங்கே 1996-லேயே மின்னணு வாக்குப்பதிவு வந்துவிட்டது. போல்சனாரோ அந்த எந்திரத்தின் வழியாகவே பலமுறை நாடாளுமன்றம் போனவர், 2018-ல் அதிபரும் ஆனவர். அவரே 2022 ஜூலையில் வெளிநாட்டுத் தூதர்களை அதிபர் இல்லத்துக்கு அழைத்து, அந்த எந்திரங்களை நம்ப முடியாது என்றார். சான்று எதுவும் தரவில்லை. அக்டோபரில் தோற்றார். 2023 ஜனவரி 8 அன்று அவருடைய ஆதரவாளர்கள் நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், அதிபர் மாளிகை மூன்றிலும் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். தூதர்களிடம் பேசிய அந்தப் பேச்சுக்காகத்தான் தேர்தல் நீதிமன்றம் 2030 வரை அவர் போட்டியிடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதனால் நம் சொல்லில் "உரை" இருந்தே ஆக வேண்டும், "பரப்புரை"யில் இருப்பதுபோல.

"நிறுவன எதிர்ப்புரை"யை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. படகும் வலையும் கறுத்துப்போய் நின்ற மீனவர்கள் அதிகாரிகளைக் கேள்வி கேட்டார்கள், இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். ஓர் அரசு அலுவலகம் வேலை செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் அதன் வாசலில் போய் நிற்பார்கள். நாளைக்கு அவர்கள்மேல் ஒட்டுவதற்கு வசதியான ஒரு பட்டத்தை நாமே செய்து கொடுக்கக் கூடாது. உள்ளே அதிகாரத்தில் இருப்பவரை மட்டும் பிடிக்கிற சொல்தான் வேண்டும்.

சரி, சொல் எங்கே கிடைத்தது என்றால், காசிமேட்டில். வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஓர் அண்ணனிடம் விஷயத்தை விளக்கிவிட்டு, இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். "கூட இருந்துகினே குழி பறிக்கிறது, வேற இன்னா?" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல். வெளியே இருக்கிற பகைவன் மோதுவான், குழி பறிப்பவன் கூட இருப்பவன். நாம் தேடிய உள்ளிருப்பு அந்த வழக்கிலேயே இருக்கிறது, "உள்" என்று தனியாக ஒட்ட வேண்டியதில்லை.

ஆகவே "குழிபறிப்புரை". "தேர்தல் ஆணையத்தின் மீதான குழிபறிப்புரை" என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை. பேசுபவரைக் குறிக்கும் "குழிபறிப்புரையாளர்"தான் நீளம். அதைக் குறுக்க இலக்கணம் அறிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.