யாக்-52 வாங்கவிருக்கிறேன்: ரஷ்ய மொழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் வைத்திருக்கிறேன். பல ஆண்டுச் சேமிப்பில் ஒரு யாக்-52 வாங்கும் கட்டத்துக்கு வந்துவிட்டேன். சோவியத் விமானிகளுக்குப் பயிற்சி தர ருமேனியாவில் கட்டப்பட்ட இரண்டு இருக்கை விமானம் அது. ஒன்பது சிலிண்டர், 360 குதிரைத்திறன். எஞ்சினைக் கிளப்புவது, சக்கரங்களை மடக்குவது, பிரேக் பிடிப்பது எல்லாமே அழுத்தக் காற்றால்தான். அதன் முழக்கத்தை அருகில் நின்று கேட்டவர்களுக்கு என் ஆசை புரியும்.

அமெரிக்காவில் இதற்கு வழக்கமான பறக்கும் தகுதிச் சான்றிதழ் கிடையாது. சோதனை விமானம், கண்காட்சிக்கானது என்ற பிரிவில்தான் விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ. சான்று தருகிறது. கட்டணம் வாங்கி யாரையும் ஏற்றக்கூடாது. எந்தெந்த நிகழ்ச்சிகளுக்குப் பறக்கப்போகிறோம் என்று ஆண்டுதோறும் அவர்களுக்குத் திட்டக் கடிதம் அனுப்ப வேண்டும். அப்படி எழுதிய அனுபவம் உள்ளவர்கள், எவ்வளவு விவரம் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

அதைவிட அவசரமானது ஒன்று. விற்பவர் தந்த பராமரிப்புப் பதிவேட்டின் பழைய பக்கங்கள் முழுக்க ரஷ்ய மொழியில் இருக்கின்றன. எஞ்சினை எப்போது முழுமையாகப் பிரித்துச் செப்பனிட்டார்கள், அதன்பின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது தெரியாமல் முன்பணம் கொடுக்க மனம் வரவில்லை. ரஷ்யாவில் மருத்துவமோ பொறியியலோ படித்தவர்கள் இங்கே இருந்தால், நான்கு பக்கங்களை வாசித்துச் சொல்ல முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.