நூறு பேருக்கு ஒரு விதைப்பு மிஷின்: உங்க ஊர்ல எப்படி?

கரிசல்காட்டான் (விளாத்திகுளம் பக்கம்):

எனக்கு நாலு ஏக்கர், முழுக்க மானாவாரி, மழையை நம்பித்தான். 2017-18ல கூட்டுப்பண்ணையத் திட்டம் வந்தப்போ எங்க ஊர்லயும் சேர்ந்தோம். 20 பேருக்கு ஒரு உழவர் ஆர்வலர் குழு, அப்படி அஞ்சு சேர்ந்து நூறு பேருக்கு ஒரு உற்பத்தியாளர் குழு. எல்லாருமே அஞ்சு ஏக்கருக்கு உட்பட்டவங்க. கருவி வாங்க குழுவுக்கு 5 லட்சம் வந்துச்சு. ரோட்டவேட்டரும் விதைக்கிற மிஷினும் வாங்கினோம். சந்தனம் பூசி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஊரே நின்னு போட்டோ எடுத்துக்கிட்டோம்.

புரட்டாசியில மழை விழுந்ததும் வந்துச்சு வினை. கரிசல் தெரியும்ல? நனைஞ்சா கால் வைக்க முடியாது, செருப்போட அப்பிக்கும். ரெண்டு நாள் உலர்ந்து பதம் வந்தா, அந்தப் பதம் மூணு நாலு நாள்தான் நிக்கும். அதுவும் எல்லாக் காட்டுக்கும் ஒரே நேரத்துல. தலைவர் வீட்டு முற்றத்துல ராத்திரி பத்து மணிக்குச் சண்டை. சீட்டு குலுக்கிப் போட்டதுல எனக்கு முப்பத்தி ஏழாவது முறை. என் காட்டுக்கு மிஷின் வர்றதுக்குள்ள மேல்மண்ணு காய்ஞ்சிரும். பழையபடி வெளி டிராக்டரைக் கூப்பிட்டு, அவர் கேட்ட வாடகையைக் கொடுத்து உளுந்து விதைச்சேன்.

மிஷின் மேல தப்பில்ல. கிணத்துப் பாசனம்னா இன்னைக்கு நீ, நாளைக்கு நான்னு தண்ணி பாய்ச்சி முறை வச்சுக்கலாம். மானாவாரிக்காரனுக்கு வானம் டோக்கன் கொடுக்காதே.

எங்களுக்குக் கை கொடுத்தது தராசு. மத்த நாள்ல மிஷினை வாடகைக்கு விட்ட காசுல ஒரு எலெக்ட்ரானிக் தராசும் ஈரப்பதம் பார்க்கிற மீட்டரும் வாங்கினோம். அதுக்கு முன்னால கமிஷன் கடையில என்ன நடக்கும்? யாவாரி நாலு பயறை எடுத்துக் கடிச்சுப் பார்ப்பாரு. "ஈரமா இருக்கு அண்ணாச்சி"ன்னு ஒரு வார்த்தை, அங்கயே விலை இறங்கிரும். அப்புறம் சாக்குக்கு ஒரு கிலோ, கழிவுக்கு ஒரு கிலோ, தரகு, இறக்குக்கூலி, மகமைன்னு ஒரு பிடித்தம். சீட்டை வாங்கிப் பார்த்தா யார் வீட்டு உளுந்தோன்னு இருக்கும்.

இப்போ களத்துலயே நிறுத்து, மூட்டை மேல மையில எழுதி, பத்துப் பேர் சரக்கை ஒரே வண்டியில ஏத்தி அரசாங்க ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போறோம். அங்க நம்மகிட்ட தரகு கிடையாது, 1 சதவீதக் கட்டணம் வாங்குறவர் கட்டணும். முதல் தடவை கமிஷன் கடைக்காரர் வீட்டுக்கே வந்து, "என்ன அண்ணாச்சி, நம்ம கடையை மறந்துட்டீங்களே"ன்னாரு. மறக்கல. என் மக காதுகுத்துக்குக் கைமாத்து கொடுத்தவரு அவருதான், அதையும் சொல்லணும்.

பால்காரம்மா (திருவண்ணாமலை பக்கம்):

அண்ணா, நீங்க சொன்ன கடிச்சுப் பார்க்கிற கதை எங்களுக்குப் பால்ல நடந்தது. முன்ன வீட்டுக்கு வந்து எடுக்கிறவர் விரலை விட்டுப் பார்த்து "தண்ணி"ன்னுவார். சங்கத்துல ஊத்த ஆரம்பிச்ச பிறகு கொழுப்பு இவ்வளவு, இதர சத்து இவ்வளவுன்னு சீட்டு வருது. ஒரு வாரம் கொழுப்பு குறைஞ்சப்போ எனக்கே தெரிஞ்சது, பசும்புல் மட்டும் போட்டு வைக்கோலைக் குறைச்சிட்டேன்னு. மகளிர் குழுக் கடன்ல வாங்கின மாடு, கடன் தீர்ந்துடுச்சு. ஆனா தீவனம் விக்கிற விலையில கையில நிக்கிறது என்னமோ சாணிதான்!

குத்தகை விவசாயி:

எல்லாம் சரி அண்ணே. மூணு ஏக்கர் பன்னெண்டு வருசமா நான்தான் உழுறேன், சிட்டா மட்டும் வேற ஆள் பேர்ல. அதனால சிறு விவசாயி சான்று கிடைக்கல, குழுவுலயும் சேர்க்கல. வருசத்துக்கு 6,000 ரூபா பிஎம் கிசான் பணமும் சென்னையில இருக்கிற நிலக்காரர் கணக்குக்குத்தான் போகுது. உங்க தராசுல என் மூட்டையை ஏத்துவீங்களா?

கரிசல்காட்டான்:

தாராளமா ஏத்தலாம் தம்பி. தராசு சிட்டா கேக்குறதில்ல. மூட்டைக்கு ரெண்டு ரூபா, உறுப்பினரோ இல்லையோ. எங்க ஊர்லயும் குத்தகைக்காரங்க சரக்கு எங்க வண்டியிலதான் வருது. சான்று விஷயம் மூணு கிராம சபையில எழுதிக் கொடுத்தாச்சு, இன்னும் பதில் வரல. இன்னொண்ணு, தையில விலை இறங்கிக் கிடந்தா உடனே வித்துத் தள்ளிராதீங்க. விற்பனைக் கூடத்துக் கிட்டங்கியில இருப்பு வச்சா, அந்தச் சரக்கையே ஈடா வச்சுப் பொருளீட்டுக் கடன் உண்டு, சரக்கு மதிப்புல 75 சதவீதம் வரைக்கும். போன தடவை நான் ஆறு மூட்டை வச்சேன். காயாம வச்சா வண்டு விழுந்திரும், மீட்டர்ல பார்த்துட்டு வைங்க.