கியூவின் கடைசி அடி 6 ஃபிரேம் முந்திவிடுகிறது – எங்கள் பக்கம் சரி, எடிட்டர் பக்கம் பிசகு

அலைஇருவர்:
வணக்கம். இருவர் சேர்ந்த எலக்ட்ரானிக் குழு, முழுநீளப் படம் ஒன்றுக்குப் பின்னணி இசை போய்க்கொண்டிருக்கிறது. முதல் ரீலிலேயே ஒரு கியூ (ஒரு காட்சிக்கான இசைத்துண்டு) படுத்துகிறது.

கியூவின் நீளம் 4 நிமிடம் 10 நொடி. டெம்போ 118, முழுக்க 4/4. செஷன் (இசை மென்பொருளில் உள்ள எங்கள் வேலைக் கோப்பு) 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஃபிரேம் வேகம் 24. டிரம் மெஷினும் இரண்டு அனலாக் சிந்தும் கணினியிலிருந்து போகும் மிடி கிளாக்கில் (கருவிகளை ஒரே டெம்போவில் ஓட்டும் சிக்னல்) ஓடுகின்றன. எடிட்டர் கொடுத்த வீடியோ எங்கள் கணினியில் திக்கித் திக்கி ஓடியதால், ஒரு மாற்றி மென்பொருளில் போட்டு 24 ஃபிரேமாக எடுத்துக்கொண்டோம். ஸ்பாட்டிங் பட்டியலில் (இசை எங்கெங்கே விழவேண்டும் என்ற பட்டியல்) இருந்த டைம்கோடுகளை (மணி:நிமிடம்:நொடி:ஃபிரேம்) பார்த்து மார்க்கர் வைத்தோம். எங்கள் அறையில் ஒவ்வொரு அடியும் படத்தின் வெட்டோடு துல்லியமாக விழுகிறது.

அதே கோப்பை எடிட்டர் தன் டைம்லைனில் வைத்தால் தொடக்கம் சரியாக இருக்கிறது, நடுவில் லேசாக விலகுகிறது, முடியும்போது கதவு அறையும் ஷாட்டுக்கு 6 ஃபிரேம் முன்னாலேயே அடி விழுந்துவிடுகிறது. மிடி கிளாக் நடுங்குவதால் இப்படி ஆகுமா? வேர்ட் கிளாக் (டிஜிட்டல் ஆடியோ கருவிகளை ஒரே கடிகாரத்தில் ஓட்டும் கருவி) வாங்கினால் தீருமா?

நாடாச்சுருள்:
வேர்ட் கிளாக்குக்குப் பணம் போடாதீர்கள், காரணம் அது இல்லை.

விலகலின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும். 6 ஃபிரேம் என்பது 250 மில்லி நொடி. 250 நொடிக் கியூவில் 250 மில்லி நொடி என்றால் ஆயிரத்தில் ஒன்று. இரண்டு ஆடியோ கருவிகளின் படிகக் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல், பத்து லட்சத்துக்கு 50 வீதம் விலகினாலும் உங்கள் கியூவில் 12.5 மில்லி நொடிதான் வரும். அது ஒரு ஃபிரேமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 44.1 கோப்பை 48 என்று தவறாக வாசித்திருந்தால் கியூ 20 நொடி முன்னதாக முடிந்திருக்கும், சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறியிருக்கும். மிடி கிளாக் நடுக்கம் சில மில்லி நொடி முன்பின்னாக ஆடும், இப்படி ஒரே திசையில் கூடிக்கொண்டே போகாது.

ஆயிரத்தில் ஒன்று என்றாலே 24-க்கும் 23.976-க்கும் உள்ள இடைவெளிதான். 23.976 என்பது 24000-ஐ 1001-ஆல் வகுத்த எண். சுமார் 42 நொடிக்கு ஒரு ஃபிரேம் வீதம் விலகும். உங்கள் 250 நொடிக்குக் கணக்குப் போட்டால் 6 ஃபிரேம் அப்படியே வருகிறது.

எடிட்டர் டைம்லைன் எந்த வேகம் என்று கேளுங்கள். பேச்சில் எல்லாரும் '24' என்றுதான் சொல்வார்கள், செட்டிங்கில் என்ன எண் இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அலைஇருவர்:
கேட்டோம், 23.976-தான். ஆனால் ஒன்று புரியவில்லை. வீடியோ நிஜ நேரத்தில்தானே ஓடுகிறது? செஷனில் ஃபிரேம் எண் தப்பாக இருந்தால் திரையில் தெரியும் டைம்கோடு மட்டும்தானே மாறவேண்டும்?

நாடாச்சுருள்:
சரியான கேள்வி. செஷன் எண் மட்டும் தப்பாக இருந்து, எடிட்டர் கொடுத்த மூல வீடியோவைப் பார்த்தே வாசித்திருந்தால் இசை தப்பியிருக்காது. உங்களிடம் இரண்டு பிழைகள் ஒரே திசையில் சேர்ந்துவிட்டன.

முதலாவது மாற்றி மென்பொருள். ஃபிரேம் வேகத்தை மாற்ற இரண்டு வழி உண்டு. நீளத்தை அப்படியே வைத்து ஃபிரேம்களைக் கூட்டலாம், அல்லது ஃபிரேம் எண்ணிக்கையை அப்படியே வைத்து வேகமாக ஓட்டலாம். உங்களுடையது இரண்டாவதைச் செய்திருக்கிறது. வழிகாட்டி வசனமும் கூடவே வேகமானதால் உதட்டசைவு பிசகவில்லை, அதனால் கண்ணுக்குப் படவில்லை. மூலக் கோப்பின் நீளத்தையும் மாற்றிய கோப்பின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 18 நிமிட ரீல் என்றால் 1.08 நொடி குறைந்திருக்கும்.

இரண்டாவது மார்க்கர்கள். கியூ தொடங்கி 4:10:00 என்று பட்டியலில் இருப்பது 6000 ஃபிரேம். 24-இல் அது 250.00 நொடி, 23.976-இல் 250.25 நொடி. வேகமான வீடியோவும் 24-இல் தட்டிய மார்க்கரும் ஒரே அளவு தப்பியதால் இரண்டும் உங்கள் அறையில் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன. இந்த வகைப் பிழையில் இதுதான் ஆபத்து: வீட்டுக்குள் எல்லாம் அச்சாகப் பொருந்தும்.

மின்மினி48:
திருத்துற வழியை நான் சொல்றேன். ஹார்டுவேரை இன்னொரு தடவை ஓட்ட முடியுமா முடியாதாங்கிறதுதான் கேள்வி.

முடியும்னா: மூல வீடியோவை டிஎன்எக்ஸ்எச்டி 36 இல்லைன்னா புரோரெஸ் பிராக்ஸியா எடிட்டர்கிட்டயே கேட்டு வாங்குங்க. திக்குறதுக்குக் காரணம் எச்.264-இல் பல ஃபிரேம்கள் முன்பின் ஃபிரேம்களை நம்பி நிக்கிறது. இந்த ரெண்டு வகையிலும் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி, எங்க நிறுத்தினாலும் உடனே நிக்கும். செஷனை 23.976-க்கு மாத்துங்க. மார்க்கரை நகர்த்தாதீங்க, அழிச்சுட்டுப் பட்டியலைப் பார்த்துத் திரும்பத் தட்டுங்க. பழசு பெரும்பாலும் ஃபிரேம்ல இல்ல, சாம்பிள் (ஒலியை அளந்த துளி, நொடிக்கு 48000) கணக்கிலதான் நிக்குது. டெம்போவை 1.001-ஆல் வகுத்தா 117.882.

முடியாதுன்னா: பதிவான ஆடியோவை 0.1 சதவீதம் மெதுவாக்கணும். டைம் ஸ்ட்ரெட்ச் வேண்டாம், கிக் டிரம்மோட முனை மழுங்கிரும். டேப்பை மெதுவா ஓட்டுற மாதிரி சுருதியோட சேர்த்து இறக்குங்க. இறங்குறது 1.73 சென்ட்தான் (அரைச்சுரத்துல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட்), காதுக்குத் தெரியாது. கோப்போட தலைப்புல (ஹெடர்) சாம்பிள் ரேட்டை 47952-ன்னு மாத்தி எழுதிட்டு, அதை 48000-க்கு கன்வர்ட் பண்ணுங்க, முடிஞ்சது. எல்லா ஸ்டெம்மும் (கிக், பேஸ்னு தனித்தனியா எடுத்த ஆடியோ கோப்பு) ஒரே புள்ளியில தொடங்கணும். செஷன்ல 'டெம்போவைப் பின்தொடர்' வசதி ஆடியோ டிராக்குல இருந்தா அணைச்சிருங்க, இல்லைன்னா ரெண்டு தடவை இழுபடும்.

ஹார்டுவேர் பத்தி ஒண்ணு. டிரம் மெஷின்ல டெம்போவைக் கையால தட்டி ஓட்டலாம்னு நினைக்காதீங்க. பல மெஷின்கள்ல ஒரு தசமம்தான் ஏறும். 117.9-ன்னு போட்டா 250 நொடியில 38 மில்லி நொடி முந்தும், அதாவது கிட்டத்தட்ட ஒரு ஃபிரேம். கிளாக்குக்குக் கீழேயே இருக்கட்டும். அந்தக் கிளாக் தனி போர்ட்ல போகட்டும். நோட்டும் கன்ட்ரோல் தகவலும் அதே கேபிள்ல நெரிஞ்சாதான் நடுக்கம் கூடும். அனலாக் சிந்துல கிளாக் இன் துளை இருந்து, உங்க இன்டர்ஃபேஸ் டிசி வோல்டேஜை வெளியே விடக்கூடியதுன்னா, ஒரு ஆடியோ டிராக்குல பல்ஸ் வரைஞ்சு அனுப்புங்க. ஆடியோங்கிறதால நடுக்கம் சாம்பிள் அளவுக்கு இறங்கிரும். எத்தனை பல்ஸ், எத்தனை வோல்ட்டுனு சிந்தோட கையேட்டுல பாருங்க.

பதிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு கிளிக்கை வெளியே அனுப்பி, அதே கேபிள் வழியா உள்ளே வாங்கிப் பதிவு பண்ணி, எத்தனை சாம்பிள் தாமதம்னு எண்ணிக்கங்க. பதிவானதை அத்தனை சாம்பிள் முன்னாடி இழுத்துட்டாப் போதும்.

அலைஇருவர்:
மூல வீடியோ வந்தது, ஹார்டுவேரை மறுபடி ஓட்டிவிட்டோம். கியூ இப்போது எடிட்டரிடம் ஃபிரேம் பிசகாமல் நிற்கிறது. நன்றி. ஆனால் முன்பே முடித்த இரண்டு கியூக்களை (தலைப்பைத் திருத்தி மெதுவாக்கியவை) டைம்ஸ்டாம்ப் (கோப்பில் பதிந்த நேர முத்திரை) வழியாக வைத்தால் முழுக் கியூவும் 3.6 நொடி முன்னால் போய் உட்காருகிறது. நீளம் சரியாக இருக்கிறது.

நாடாச்சுருள்:
அதே ஆயிரத்தில் ஒன்றுதான், இந்த முறை ஒரு மணி நேரத்தின் மேல் ஏறி நிற்கிறது. பிராட்காஸ்ட் வேவ் கோப்பு டைம்கோடைச் சேமிப்பதில்லை. நள்ளிரவிலிருந்து எத்தனை சாம்பிள் என்ற எண்ணைத்தான் சேமிக்கிறது. ரீலின் டைம்கோடு தொடங்கும் 01:00:00:00 என்பது 24-இல் 17,28,00,000 சாம்பிள், 23.976-இல் 17,29,72,800. இடைவெளி 1,72,800 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸில் 3.6 நொடி. திருத்திய கோப்புகளை 23.976 செஷனில் சரியான இடத்தில் கையால் வைத்து, அங்கிருந்து புதிதாக எக்ஸ்போர்ட் செய்தால் புது முத்திரை விழும்.

இனி ஒவ்வொரு ரீலிலும் தலைப் பாப்பும் வால் பாப்பும் கேளுங்கள். தலைப் பாப் முதல் ஃபிரேமுக்குச் சரியாக 2 நொடி முன்னால், வால் பாப் கடைசி ஃபிரேமுக்கு 2 நொடி பின்னால். ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி, 23.976-இல் அது 2002 சாம்பிள், 24-இல் 2000, 25-இல் 1920. இரண்டு பாப்புக்கும் நடுவே உள்ள சாம்பிள்களை ஃபிரேம் எண்ணிக்கையால் வகுங்கள். 2002 வரவில்லை என்றால் அந்த வீடியோவுக்கு ஒரு நோட்டுகூட எழுதாதீர்கள்.

கலவைமேசை:
நேரம் சரியாகிவிட்டது, நல்லது. இனி ஸ்டெம் கொடுக்கப்போகிறீர்கள். டான்ஸ் இசையிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் அது என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

பேடும் (நீண்டு ஒலிக்கும் சிந்த்) பேஸும் கிக்குக்குச் சைடுசெயினில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், அதாவது கிக் விழும்போதெல்லாம் அளவு தாழ்ந்து எழும். இறுதிக் கலவையில் வசனத்துக்காகக் கிக் ஸ்டெம்மை இறக்கினாலும் பேட் தனியாகத் துடித்துக்கொண்டே இருக்கும். கிக்கை அணைத்துவிட்டு ஸ்டெம் எடுத்தால் நிலைமை தலைகீழ்: துடிப்பே வராது, சேர்த்துக் கேட்டால் உங்கள் கலவை போல இருக்காது. துடிப்போடு ஒன்று, துடிப்பில்லாமல் ஒன்று என்று இரண்டாகக் கொடுங்கள். மாஸ்டர் பஸ்ஸில் உள்ள கம்ப்ரஸர், லிமிட்டர் எல்லாவற்றையும் கழற்றுங்கள்; அவை முழுக் கலவைக்குத்தான் வேலை செய்யும், தனித்தனி ஸ்டெம்முக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

சரிபார்க்க: ஸ்டெம்களை எல்லாம் கூட்டி, முழுக் கலவையைத் துருவம் திருப்பி (அலையைத் தலைகீழாக்கி) மேலே வையுங்கள். அமைதியாக வேண்டும். ஏதாவது கேட்டால் அதுதான் பிசகும் இடம். தற்போக்காக அசையும் எல்எஃப்ஓ (ஒலியை மெதுவாக அசைக்கும் அலை), ராண்டம் மாடுலேஷன், கோரஸ் இவை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி ஓடும். அவற்றை முதலில் ஆடியோவாக்கிவிட்டு, அந்த ஆடியோவிலிருந்து ஸ்டெம் எடுங்கள். நீண்ட ரிவெர்பும் டிலேயும் தனி ஸ்டெம்.

அளவு: கிளப்புக்குச் செய்வதுபோல் -8 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) வரை நசுக்கிக் கொடுத்தால் கலவைக்காரர் 15 டெசிபல் இறக்குவார், இறங்கியதும் உங்கள் பேஸ் காணாமல் போய்விடும், மெல்லிய அளவில் காது தாழ்ந்த ஒலியைக் குறைவாகத்தான் கேட்கும். ஸ்பீக்கரை முதலில் அளவிடுங்கள். -20 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் உச்சத்துக்கு 20 டெசிபல் கீழே) பிங்க் நாய்ஸ், ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீக்கர், மீட்டர் சி வெயிட்டிங், ஸ்லோ. திரையரங்க அளவிலான அறையில் 85 டெசிபல், சின்ன அறையில் 79 அல்லது அதற்கும் கீழே. அதன்பிறகு வால்யூமைத் தொடாமல், வழிகாட்டி வசனம் ஓட ஓடக் கலக்குங்கள். வசனத்தின் மெய்யெழுத்துத் தெளிவு 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. ஃபில்டர் திறந்து மூடும் உங்கள் லீட் சிந்த் அதே இடத்தில்தான் அலைகிறது. வசனம் வரும் இடத்தில் ஃபில்டரை மூடியே எழுதுங்கள். பிறகு ஈக்யூவில் குடைவதைவிட அது எவ்வளவோ மேல்.

பேஸை எல்எஃப்இ (சரவுண்ட் கலவையில் தாழ்ந்த ஒலிக்கான தனி) சேனலில் மட்டும் வைக்கவே வேண்டாம். ஸ்டீரியோவுக்கு இறக்கும்போது அந்தச் சேனலைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பேஸ் முன் ஸ்பீக்கர்களிலும் இருக்கட்டும்.

அலைஇருவர்:
ஸ்டெம்மை இப்படியே எடுக்கிறோம். கடைசியாக ஒன்று. கதவு ஷாட்டுக்கு முன்னால் எடிட்டர் 19 ஃபிரேம் வெட்டிவிட்டார். அடி மறுபடி தப்புகிறது.

மின்மினி48:
19 ஃபிரேம்னா 0.792 நொடி. உங்க டெம்போவுல 1.56 அடி. அரையும் குறையுமா அடியை வெட்ட முடியாது, அதனால ரெண்டு அடியை எடுத்துருங்க: வசனம் இல்லாத ஒரு 4/4 பாரை 2/4 ஆக்குங்க. இப்ப 1.018 நொடி போயிருச்சு, 0.226 நொடி கூடுதலா எடுத்துட்டோம். அதை டெம்போவுல திருப்பிக் கொடுக்கணும். 16 அடிக்குள்ள கொடுத்தா 114.7-க்கு இறங்கணும், நாலு அடியிலும் கிக் விழுற பாட்டுல அந்த இறக்கம் அப்பட்டமாத் தெரியும். 64 அடிக்கு விரிச்சா 117.07 போதும், யாருக்கும் தெரியாது. டிலே நேரத்தை மில்லி நொடியில கொடுத்திருந்தா அதையும் மாத்துங்க, டெம்போவோட பூட்டியிருந்தா தானா வரும்.

இதுக்காகத்தான் படம் லாக் ஆகுற (வெட்டு இனி மாறாதுன்னு முடிவாகுற) வரைக்கும் மிடியையும் சிந்த் பேட்ச்சையும் அழிக்காம வைக்கணும். ஆடியோ மட்டும் கையில இருந்தா இந்த 64 அடியை இழுக்கத்தான் முடியும், திரும்ப வாசிக்க முடியாது.

நாடாச்சுருள்:
ஒரு மாற்று யோசனையும் வைக்கிறேன். எல்லாக் கியூவையும் ஃபிரேமுக்குப் பூட்ட வேண்டியதில்லை. 1977-இல் வந்த 'சார்சரர்' படத்துக்கு டேஞ்சரின் டிரீம் என்ற எலக்ட்ரானிக் குழு படத்தைப் பார்க்காமலே, திரைக்கதையை வைத்து இசை பதிவு செய்து கொடுத்தது. இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் அதைப் படத்தோடு இணைத்துக்கொண்டார். உங்கள் நீண்ட டிரோன் (ஒரே சுரம் நீண்டு ஒலிக்கும்) கியூக்களுக்கு இந்த வழி பொருந்தும். 20 நொடி கூடுதல் வாலோடு, ஸ்டெம்மாகக் கொடுத்துவிட்டால் எடிட்டர் வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்வார்.

கதவு போன்ற அடிகளை மட்டும் பூட்டுங்கள். பூட்டும்போது சரியாக வெட்டின் மேல் ஒன்று, ஒரு ஃபிரேம் பின்னால் ஒன்று என்று இரண்டையும் வைத்துக் கேளுங்கள். பின்னால் விழுவதுதான் பெரும்பாலும் கனமாகக் கேட்கும். முன்னால் ஒரு ஃபிரேம்கூட வேண்டாம்.

அலைஇருவர்:
2/4 பாரும் 117.07-உம் போட்டு ஓட்டியாயிற்று. கதவு அடியை ஒரு ஃபிரேம் பின்னால், 2002 சாம்பிள் தள்ளி வைத்தோம். எடிட்டர் பார்த்துவிட்டுச் சரி என்றார். தலைப் பாப்புக்கும் வால் பாப்புக்கும் நடுவே வகுத்துப் பார்த்தோம், 2002 வருகிறது. அடுத்த ரீல் வீடியோவை இதே சோதனை செய்த பிறகே செஷனுக்குள் விடுகிறோம்.